மூட்டை பெருசு, எடை எம்புட்டு?

வாங்க டாக்டரய்யா, வாங்க. திண்ணையத் தூத்துத் துண்டு விரிச்சிருக்கேன், உக்காருங்க. என்னத்துக்கு மூஞ்சியச் சுளிக்கிற? தம்பி பேரனப் போயி வாங்க போங்கன்னு கூப்புடுறாரேன்னா? டாக்டருக்குப் படிக்கப் போனவன வாடா போடான்னா ஊரு என்னையப் பாத்துச் சிரிக்கும். பாதியில திரும்பி வந்தவன வாங்க போங்கன்னா உன்னையப் பாத்துச் சிரிக்கும். எனக்கு வயசாயிருச்சு, சிரிப்பத் தாங்கத் தெம்பில்ல. அதான் உன் பக்கம் தள்ளி விட்டேன்.

அந்தப் பைக்குள்ள என்ன? காகிதமா? இம்புட்டா? எடு பாப்போம். உங்கப்பன் உன்னைய எதுக்கு இங்குட்டு அனுப்பிருக்கான்னு தெரியும். முப்பது வருசமா இந்த வருசநாட்டுக்கே மனு எழுதுறவன் நான். பட்டா மனு, ரேசன் கார்டு மனு, காட்டுப்பன்னி வெள்ளாமைய அழிச்ச மனு, 2021-ல மேகமலையப் புலிகள் காப்பகமாக்குனதுக்குப் பெறகு மாடு மேய்க்க வழி கேட்ட மனுன்னு எத்தனையோ. திங்கக்கெழமையானா கலெக்டர் ஆபீசுல என் கையெழுத்தப் பாத்தே, "வருசநாட்டுக் கெழவன் வந்துட்டான்யா"ம்பாய்ங்க. இப்ப உனக்கு ஒரு மனு வேணும். "ஜார்ஜியாவுல ரெண்டு வருசம் படிச்சிருக்கேன், தேனி மெடிக்கல் காலேஜுல மூணாவது வருசத்துல சேத்துக்கங்க." அம்புட்டுத்தான? எழுதிருவோம். மனு எழுதக் காசா பணமா? ஆனா ஒண்ணு, எந்த யாவாரியும் சரக்கப் பாக்காம சீட்டு எழுத மாட்டான். மொதல்ல சரக்கப் பாப்போம்.

இது என்னடா எழுத்து, ஜிலேபியப் பிச்சுப் பரப்புன மாதிரி? ஜார்ஜியாக்காரக எழுத்தா? அழகாத்தான் இருக்கு. நம்ம எழுத்தப் பாத்து டெல்லிக்காரனும் இதத்தான் சொல்லுவான், விடு. மார்க்கு இங்க இருக்கா. அனாட்டமி 53. பயோகெமிஸ்ட்ரி 51. பிசியாலஜி 52. எல்லாத்துக்கும் பக்கத்துல 'இ', 'இ', 'இ'ன்னு போட்டுருக்கே, உன்னையப் பாத்து இளிச்சானா? ஓஹோ, அங்கிட்டு கணக்கே அப்படியா. 91-க்கு மேல ஏ, 81-க்கு மேல பி, 71-க்கு மேல சி, 61-க்கு மேல டி, 51-க்கு மேல இ. அதுக்கும் கீழ 41 வரைக்கும் எஃப்எக்ஸ், இன்னொரு தடவ எழுதிக்கலாம். அதையும் விட்டா வெறும் எஃப், பாடத்தையே திரும்பப் படிக்கணும்.

அப்ப 'இ'ங்கறது வாசப்படி. நீ ரெண்டு வருசமா வாசப்படியிலயே குடியிருந்துருக்க. வைகை அணையில தண்ணி 66 அடி ஆனா சங்கு ஊதி மொத எச்சரிக்க விடுவாக, கேட்டுருக்கேல்ல? 71 அடிதான் அணையோட உச்சம். உன் காகிதம் பூராப் பெரட்டிட்டேன், ஒரு பாடத்துலகூடச் சங்கு ஊதலையேடா!

கோவிக்காத. காப்பி குடி. மார்க்குக் கொறஞ்சதுக்காக உன்னைய வைய நான் யாரு? நான் எட்டாப்பு. அதுலயும் கணக்குல வாத்தியாரு தயவுல தேறுனவன். நான் கேக்குறது வேற. இந்த மார்க்க வச்சுக்கிட்டு, மெடிக்கல் காலேஜு வாசல்ல எப்படிப் போயி நிக்கப் போற?

நல்லா நெறஞ்ச மனு ஒண்ணு வாயால சொல்றேன், புடிச்சிருந்தா எழுதிக்க. "மதிப்பிற்குரிய அய்யா அவர்களுக்கு. நான் சின்ன வயசுலருந்தே ஏழை எளிய மக்களுக்குச் சேவை செய்யத் துடிக்கிறவன்." ஆட்டுப் புழுக்கைய அள்ளச் சொன்னா ஆத்தங்கரைக்கு ஓடிப் போவியே, அத எழுத வேணாம். "ஜார்ஜியாவில் கடும் குளிர் நிலவியதால் என் மூளை உறைந்துவிட்டது." பக்கத்துப் பெஞ்சுல இருந்த கம்பத்துப் புள்ளைக்கு மட்டும் எப்படி ஒறையலைன்னு கேப்பாக. அந்தப் புள்ள கம்பளி போட்டுருந்துச்சுன்னு சொல்லிக்க. "அந்த நாட்டு 51, நம்ம நாட்டு 81-க்குச் சமம்." இது நல்ல வரி. ரூபாய மாத்துற மாதிரி மார்க்கையும் மாத்த ஒரு கடை தேனி பஸ் ஸ்டாண்டுல இருந்தா நல்லாத்தான் இருக்கும். கடைசியா ஒரு சிபாரிசுக் கடுதாசி. கட்சிக்காரக கிட்ட நான் வாங்கித் தாரேன். அவுக யாருக்கும் இல்லன்னு சொல்ல மாட்டாக, எதுக்கும் ஆகுதுன்னும் சொல்ல மாட்டாக.

சிரிக்கிறியா? நல்லது. இந்த மனுவ எடுத்துக்கிட்டுப் போனா அவுகளும் இப்படித்தான் சிரிப்பாக.

சரி, இப்ப கேலிய மடிச்சு வைப்போம். காலேஜு நம்ம வழியிலதான் கெடக்கு. கடமலைக்குண்டு, கண்டமனூரு தாண்டி க.விலக்குல பஸ்ஸு திரும்புதுல்ல, அந்த எடத்துல. 2004-ல தொறந்தாக. வருசத்துக்கு 100 புள்ளைக உள்ள போகுதுக. நம்மூரு பஸ்ஸு அந்த வாசல்ல நிக்காத நாளில்ல. நம்ம சனம் எறங்காத நாளும் இல்ல. ஆனா எல்லாரும் ஆஸ்பத்திரிச் சீட்டோட எறங்குறாகளே தவிர, காலேஜுச் சீட்டோட எறங்குறவுக எத்தன பேரு?

அந்தச் சீட்டுக்கு நடுவுல ஏறுற பஸ்ஸே கெடையாது. வெளிநாட்டுல ரெண்டு வருசமோ நாலு வருசமோ படிச்சவன இங்க இருக்குற காலேஜுல மூணாவது வருசத்துல ஒக்கார வைக்கச் சட்டத்துல எடமில்ல. 2021 நவம்பர்ல தேசிய மருத்துவ ஆணையம் போட்ட விதி என்ன சொல்லுதுன்னா, வெளிநாட்டுல சேந்தா ஒரே காலேஜுல 54 மாசமாச்சும் படிக்கணும். இங்கிலீசுல படிக்கணும். அங்கயே 12 மாசம் பயிற்சி முடிக்கணும். அந்த நாட்டுக்காரன் அவன் ஊருலயே வைத்தியம் பாக்க லைசென்சு தரத்தக்க படிப்பா இருக்கணும். இங்க வந்து இன்னொரு 12 மாசம் பயிற்சி பாக்கணும். எல்லாத்தையும் பத்து வருசத்துக்குள்ள முடிக்கணும். இதுல பாதிய ஜார்ஜியாவுலயும் பாதிய க.விலக்குலயும் வச்சுக்கலாம்னு எங்கயும் எழுதல.

உக்ரைன்ல என்னாச்சுன்னு தெரியும்ல? 2022 பிப்ரவரி 24-ல குண்டு விழ ஆரம்பிச்சுச்சு. நம்ம புள்ளைக கார்கிவ்லயும் சூமியிலயும் தரைக்கடியில பதுங்கிக் கெடந்து, போலந்து, ருமேனியான்னு எல்லை தாண்டி உசுரக் கையில புடிச்சுக்கிட்டு வந்துச்சுக. எங்கள இங்கயே சேத்துக்கங்கன்னு கோர்ட்டு வரைக்கும் போயிக் கேட்டுச்சுக. முடியாதுன்னுட்டாக. 2023 மார்ச்சுல, கடைசி வருசக்காரவுகளுக்கு மட்டும், ஒரே ஒரு தடவ, கடைசிப் பரீட்சை ரெண்டு பாகத்தையும் இங்க எழுதிக்கங்க, அப்புறம் ரெண்டு வருசம் பயிற்சி பாருங்கன்னு வழி விட்டாக. குண்டுக்குத் தப்பிச்சு வந்த புள்ளைகளுக்கே அம்புட்டுத்தான். நீ குளிருக்குத் தப்பிச்சு வந்தவன். உனக்குன்னு சட்டத்தைத் திருத்துவாகளா?

உங்கப்பனுக்கு இது தெரியலையான்னு கேக்காத. தெரியாமயா இருப்பான்? ரெண்டு ஏக்கர் இலவந்தோப்ப வித்தவனுக்குக் காது கொஞ்சம் மந்தமாத்தான் கேக்கும். ஒரு ஏஜெண்டு வந்து ஒக்காந்து, "டொனேசன் கெடையாது, ஆஸ்டல்ல இட்டிலி தோசை, ஆறாவது வருசம் டாக்டரு"ன்னு சொல்லும்போது அந்தக் காது நல்லாக் கேட்டுச்சு. இட்டிலிக்காக ஜார்ஜியாவுக்குப் போனவன் எங்க வம்சத்துல நீ ஒருத்தன்தான்டா. இங்க ரெண்டு ஆட்ட வித்தா ஒரு வருசத்துச் சர்க்கார் காலேஜுப் பீசக் கட்டிரலாம். அதுக்குத்தான் அந்த அடிதடி.

இன்னொரு கூத்து கேளு. சர்க்கார் பள்ளிக்கூடத்துல ஆறாப்புலருந்து பன்னெண்டாப்பு வரைக்கும் படிச்ச புள்ளைகளுக்குன்னு 2020-ல தமிழ்நாட்டுல ஏழரை சதவீதம் எடம் ஒதுக்குனாக. பீசும் சர்க்காரே கட்டிருது. உங்கப்பன் என்ன செஞ்சான்? சர்க்கார் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனாக் கவுரவக் கொறச்சல்னு மஞ்ச வேன் வச்சு உன்னைய அனுப்புனான். ஏழரைய வேணாம்னு சொல்லிட்டு ஏழரைய இழுத்துக்கிட்டான்.

பெரியகுளம் பக்கம் சில்வார்பட்டி இருக்குல்ல? அங்க சர்க்கார் பள்ளிக்கூடத்துல படிச்ச ஒரு பையன். அப்பா ஆடு மேய்க்கிறவரு. 2020 நீட்டுல 720-க்கு 664 எடுத்தான், பேப்பருல எல்லாம் வந்துச்சு. இரு, இரு, "அவனோட என்னைய ஒப்பிடாதீக"ன்னு சொல்லத்தான வாயத் தொறக்குற? மார்க்க ஒப்பிடல. அவனுக்கும் மொத தடவ மார்க்குப் போதல. மொத தடவைக்கும் ரெண்டாம் தடவைக்கும் நடுவுல அவன் ஒரு வருசம் ஒக்காந்து படிச்சான். உன் மொத வருசத்துக்கும் ரெண்டாம் வருசத்துக்கும் நடுவுல நீ என்ன செஞ்ச? அதத்தான் கேக்குறேன். கொறஞ்ச மார்க்கப் பாத்து எவனும் பயப்பட மாட்டான். கொறஞ்சுக்கிட்டே போற மார்க்கப் பாத்துத்தான் பயப்படுவான்.

அமெரிக்காவுலகூட இதான் சங்கதியாம். அங்க பன்னெண்டாப்பு முடிச்சதும் டாக்டர் காலேஜுக்குள்ள விட மாட்டாக. நாலு வருசம் ஒரு டிகிரி முடிச்சு, எம்கேட்னு ஒரு பரீட்சையும் எழுதிட்டு வாம்பாக. வெளிநாட்டு டிகிரியில கொறஞ்ச மார்க்கோட போனா, "அது என்ன எடையோ எங்களுக்குத் தெரியாது, எங்க ஊரு காலேஜுல கொஞ்சப் பாடம் படிச்சு எடுத்துக் காட்டு"ன்னு பல காலேஜுல கேப்பாகளாம். அதுல ஒரு நியாயம் இருக்கு பாரு. பழைய மார்க்க அழிக்க முடியாது. புது மார்க்கப் பக்கத்துல வைக்கலாம். நம்ம நாட்டுலயோ டிகிரி மார்க்க எவனும் பாக்க மாட்டான். நீட்டு ஒண்ணுதான் தராசு. அந்தப் பரீட்சை வேணுமா வேணாமான்னு பெரியவுக சண்ட போட்டுக்கிட்டுத்தான் இருக்காக. அந்தச் சண்ட முடியுற வரைக்கும் தராசு அதுதான்.

இப்ப நான் சொல்லப் போறத நல்லாக் கேட்டுக்க. காட்டுக்குள்ள வெறகு எடுக்கப் போன காலத்துல, பாரஸ்ட்டுக்காரக செக்போஸ்ட்டு ஒண்ணு இருந்துச்சு. அதச் சுத்திக்கிட்டு ஓட வழியாப் போனா தப்பிச்சுரலாம்னு எங்காளுக போவாய்ங்க. அந்த ஓட போயி முடியுற எடத்துல கார்டு பீடியப் பத்த வச்சுக்கிட்டு நின்னுக்கிட்டுருப்பாரு. அதே கதைதான் டாக்டர் படிப்பும். உள்ள போகுற வாசல்ல ஒரு செக்போஸ்ட்டு, நீட்டு. நீ 2023-ல எழுதுன. தகுதி மார்க்கு என்ன? 720-க்குப் பொதுப் பிரிவுக்கு 137, பிற்பட்டவுகளுக்கு 107. நீ 110 எடுத்துத் "தகுதி, தகுதி"ன்னு குதிச்ச. சர்க்கார் சீட்டுக்கு அதப்போல நாலஞ்சு மடங்கு வேணும். 2018-லருந்து வெளிநாடு போகவும் அந்தத் தகுதி வேணும்னு வச்சுட்டாக. அதனால அந்த 110 உனக்கு ஏரோப்பிளான் டிக்கெட்டாச்சு.

ஆனா ஓட முடியுற எடத்துல கார்டு நிக்கிறாரு. வெளிநாட்டுல படிச்சுட்டு வந்தவுகளுக்கு 2002-லருந்து ஒரு தகுதித் தேர்வு வச்சிருக்காக. 300 கேள்வி. 150 எடுத்தாத் தேறிரலாம். தப்புக்கு மார்க்குக் கழிக்க மாட்டாக. வருசத்துக்கு ரெண்டு தடவ. கேக்கச் சுளுவா இருக்குல்ல? 2023-ல ஜூன் தடவைக்குன்னு வச்சத எழுதுனவுகள்ல பத்துப் பேருக்கு ஒருத்தருதான் தேறுனாக. வேற சில தடவைகள்ல அஞ்சுல ஒருத்தரு, நாலுல ஒருத்தரு. அங்க 'இ' போட்டு அனுப்புன வாத்தியாரு கருணைக்காரரு. இங்க தாளத் திருத்துற கம்ப்யூட்டருக்கு உன் அப்பன் வித்த தோப்பும் தெரியாது, ஜார்ஜியாக் குளிரும் தெரியாது.

மொத செக்போஸ்ட்டையே ஏமாத்திட்டா என்னன்னு நெனச்சவுகளும் உண்டு. நம்ம க.விலக்குக் காலேஜுலதான் 2019-ல நடந்துச்சு. பையனுக்குப் பதிலா வேற ஆளு மும்பையில நீட்டு எழுதுனான்னு புகாரு வந்துச்சு. போட்டோவுல ஒரு மொகம், வகுப்புல ஒரு மொகம். சிபிசிஐடி பையனையும் புடிச்சுச்சு, டாக்டரா இருந்த அப்பாவையும் புடிச்சுச்சு. அப்புறம் நோண்டுனா வேற வேற காலேஜுலயும் வழக்கு வந்துச்சு. வாசலத் தாண்டி உள்ள போயி ஒக்காந்த பெறகும் வாசக்காரன் தேடி வருவான்டா. சும்மா விட மாட்டான்.

ஏன் அந்த ரெண்டாவது செக்போஸ்ட்டுல அத்தன பேரு தடுக்கி விழுறாகன்னு தெரியுமா? எல்லாரும் மக்குன்னு நெனைக்காத. உன்னையவே கேக்குறேன். அந்த ஊரு ஆஸ்பத்திரியில நோயாளிக் கிட்டப் பேசுனியா? ஆத்தாடி, ரெண்டு வருசத்துல 'வலிக்குதா?'ன்னு கேக்கக்கூட அந்தப் பாஷை கத்துக்கலையா? இங்கிலீசுல பாடம், ஜார்ஜியாப் பாஷையில நோயாளி, தமிழுல நீ. மூணு பேரும் மூணு பக்கம் பாத்துக்கிட்டு நின்னா நோவு யாருகிட்டச் சொல்லிக்கும்? வைத்தியம் பாதிக்கு மேல கேள்விதான். பொஸ்தகத்துல இருக்குற நோவு தலப்பு போட்டுக்கிட்டு வரும். ஆளுகிட்ட இருக்குற நோவு கத சொல்லிக்கிட்டுத்தான் வரும்.

சரி, தமிழாச்சும் வருமா, பாப்போம். இங்க வா. உங்க அப்பத்தா வந்து, "அய்யா டாக்டரு, நேத்துலருந்து குடலு ஏறிக்கிருச்சு, நெஞ்சு கரிக்குது, தல கிறுகிறுங்குது, குறுக்கு விட்டுப் போச்சு"ன்னா, எந்தப் பக்கம் பொரட்டுவ? "தாத்தா, இது எதுவும் பொஸ்தகத்துல இல்ல"ங்கிற. இல்லதான். ஆனா நெஞ்சு கரிக்குதுன்னு சொல்ற கெழவிக்கு இஞ்சித் தண்ணியக் குடுத்து அனுப்புறதா, மாரடைப்பான்னு ஈ.சி.ஜி. எடுக்குறதான்னு தெரியணும்ல? அதுக்கு நூறு கெழவிக பொலம்பலக் காதுல வாங்கணும். ஊரு கைராசிம்பாகளே, அது வேற ஒண்ணுமில்ல. காது ராசி. முந்நூறு கேள்வியில பாதி அந்தக் காதத்தான் சோதிக்குது.

வெளிநாட்டுப் படிப்பே மோசம்னு நான் சொன்னேன்னு ஊருக்குள்ள போயிச் சொல்லிக்கிட்டுத் திரியாத. நம்ம வைகைய நெனச்சுப் பாரு. இந்த வருசநாட்டு மலையிலதான் பொறக்குது. மூல வைகை மழைக்கு வரும், வெயிலுக்கு மணலாக் கெடக்கும். வைகைக்கு உசுரு குடுக்குறது பாதி, மேற்க கடலுக்குப் போன பெரியாத்துத் தண்ணி. 1895-ல பென்னிகுவிக்குத் தொர அணையக் கட்டி, மலையக் குடைஞ்சு கம்பம் பள்ளத்தாக்குக்குத் திருப்பி விட்டாரு. அந்தத் தண்ணி எந்த மலையில பொறந்துச்சுன்னு மதுரையில எவனாச்சும் கேக்குறானா? குடிக்கிறான், நெல்லு நடுறான். ஆனா அணையில அடிக்கணக்கப் பாக்காம தெறந்து விட மாட்டாக. எங்கிட்டிருந்து வந்தாலும் அளந்துதான் விடுவாக. ஜார்ஜியாவுலருந்தும் நல்ல டாக்டருக வந்துருக்காக, ருசியாவுலருந்தும் வந்துருக்காக. அவுக எல்லாம் அடிக்கணக்குல நின்னு காட்டிட்டு வந்தவுக.

இப்ப என்ன செய்யலாம்னு கேக்குற. மூணு வழி கெடக்கு. திரும்ப ஏரோப்பிளான் ஏறு. அதே காலேஜுல மிச்சத்தையும் முடி. போனதும் மொத சோலியா அந்தச் சனத்தோட பாஷையப் படி. மூணாவது வருசத்துலருந்தே அந்த முந்நூறு கேள்விய மனசுல வச்சுக்கிட்டுப் படி. இல்லையா, நீட்ட மறுபடி எழுது. வயசு உச்ச வரம்பு கெடையாது. ஆனா தேறுனா மொத வருசத்துலருந்துதான். ஜார்ஜியா ரெண்டு வருசம் கணக்குல வராது, கதையில மட்டுந்தான் வரும். அதுவும் இல்லையா, நர்சிங்கு, பார்மசின்னு எத்தனையோ இருக்கு. தமிழ்நாட்டுல அதுக்கெல்லாம் பன்னெண்டாப்பு மார்க்குதான். தேனியில கால்நடை மருத்துவக் கல்லூரியும் வந்துருச்சு. மாடு கேள்வி கேக்காதேன்னு அங்குட்டு ஓடாத. மாடு பதிலும் சொல்லாது. வாயில்லாச் சீவனோட நோவக் கண்டுபுடிக்கிறதுக்கு மனுச டாக்டரவிடக் கெட்டிக்காரத்தனம் வேணும். அங்கயும் கட் ஆஃப் உசரத்துலதான் நிக்குது.

மூணுல எதுன்னு நான் சொல்ல மாட்டேன். சொன்னா நாளைக்கு என் தலையிலயே கட்டுவ. ஆனா எந்த வாசல்ல போயி நின்னாலும் இந்தக் காகிதத்த ஒளிக்காத. 51-ன்னா 51-ன்னு சொல்லு. ஏன் கொறஞ்சுச்சுன்னு ஒரு வரியில சொல்லு. அதுக்குப் பெறகு என்ன செஞ்சேன்னு பத்து வரியில சொல்லு. அந்தப் பத்து வரிக்குச் சரக்கு இப்ப உன்கிட்ட இல்ல. அதத் தேடிக்கிட்டு வந்து சொல்லு, மனு எழுதித் தாரேன்.

ஏன் ஒளிக்கக் கூடாதுங்கறதுக்கு என் கதை ஒண்ணு இருக்கு. இத உங்கப்பனுக்குக்கூடச் சொன்னதில்ல.

எளவட்டத்துல நான் இலவம்பஞ்சு யாவாரம் பாத்தேன்ல, அப்ப. இலவம்பஞ்சு ஒரு ஏமாத்துக்காரச் சரக்குடா. மூட்டை ஆள் உசரம் நிக்கும். தராசுல வச்சா அரைக் குழந்த எடை. எடைய ஏத்துறதுக்கு மொதல்ல தண்ணி தெளிச்சுப் பாத்தேன். அது தண்ணியே குடிக்காது. அந்தக் காலத்துல கப்பல்காரக போடுற மெதவச் சட்டைக்குள்ள அதத்தான வச்சுத் தைச்சாக. அப்புறம் ஒரு யோசன. பஞ்ச அடிச்சுக் கொட்டையப் பிரிக்கணும்ல, பிரிக்காம, மேல மட்டும் சுத்தமான பஞ்சப் பரப்பி, உள்ள கொட்டையோட அடைச்சுத் தைச்சுட்டேன். எடை ஏறிருச்சு. யாவாரி மேலாப்புல கைய விட்டுப் பாத்துட்டு வாங்கிக்கிட்டாரு. மூணு மூட்டை. நம்ம சாமர்த்தியம் யாருக்கு வரும்னு கடமலைக்குண்டுல பரோட்டா வாங்கித் தின்னுட்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த தைக்கு உங்க சின்ன அப்பத்தாவுக்கு, என் தங்கச்சிக்கு, கல்யாணம். சீருக்குக் கட்டிலு, பீரோவு, மெத்த. மெத்தைய உங்க கொள்ளுத்தாத்தா தேனியில வாங்கிட்டு வந்தாரு. ஒரு மாசத்துல தங்கச்சி அழுதுக்கிட்டு வந்துச்சு. "அண்ணே, மெத்தையில படுத்தா முதுகு பூரா நறுக்கு நறுக்குங்குது. ராத்திரி பூரா எலி வந்து கொடையுது, மாமியா சிரிக்குது." இலவங்கொட்டையில எண்ண இருக்கும்டா, எலி விடுமா? பிரிச்சுப் பாத்தா, நான் தைச்ச கொட்டை. எங்க போச்சோ எவன் படுக்கப் போறானோன்னு நெனச்சு அனுப்புன மூட்டை, எங்க வீட்டுக் கட்டில்லயே வந்து படுத்துக்கிருச்சு.

ஊர ஏமாத்தி டாக்டரானா அப்படித்தான். நீ பாக்கப் போற நோயாளி யாருன்னு நெனைக்கிற? ஜார்ஜியாக்காரனா வரப் போறான்? வாலிப்பாறையிலருந்தும் தும்மக்குண்டுலருந்தும் நம்ம சனந்தான் வரும். உங்கப்பத்தா வரும். நான் வருவேன்.

எங்க எந்திரிக்கிற? இரு. இந்தக் காலப் பாரு. கட்ட வெரலுக்குக் கீழ, இந்தப் புண்ணு. ரெண்டு மாசமா ஆறல. வலிக்கவும் இல்ல. உங்கப்பத்தா மஞ்சளு, வேப்பண்ணன்னு என்னென்னமோ போட்டுப் பாத்துட்டா. நீதான் டாக்டருக்குப் படிச்சவனாச்சே, சொல்லு. என்ன செய்யலாம்?

...

"தெரியல தாத்தா. சக்கர இருக்கான்னு பாக்கணும். வலிக்கலங்கறதுதான் எனக்குப் பயமா இருக்கு. நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

அட! இவன் மொகத்தப் பாருய்யா. தெரியலன்னு சொல்றதுக்கு எத்தன பேருக்கு வாய் வரும்? என் முப்பது வருச மனுவுல அந்த ஒரு வார்த்தைய நான் எழுதுனதே இல்லடா. வலிக்கலங்கறதுக்குப் பயப்படணும்னும் தெரிஞ்சுருக்கு. இதுக்கு என் கையால ஒரு 67 போடுறேன். சங்கு ஊதிருச்சு.

சரி, காலையில மொத பஸ்ஸுக்கு வந்துரு. அந்தக் காகிதத்த வீட்டுலயே வச்சுட்டு வா, என் ரேசன் கார்டையும் ஆதாரையும் எடுத்துக்க. க.விலக்குல எறங்கி ஓ.பி. சீட்டு வாங்கணும், வரிசையில நிக்கணும், ரத்தம் குடுக்கணும், என்னையக் கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு அங்குட்டும் இங்குட்டும் அலையணும். வாச்சுமேன் யாருன்னு கேட்டா, கூட வந்தவன்னு சொல்லு, உள்ள விடுவாரு. சாயங்காலம் உங்கப்பன் போன் போட்டு மெடிக்கல் காலேஜு என்னாச்சுன்னு கேட்டா, தைரியமாச் சொல்லிருடா பேராண்டி. நீட்டும் எழுதல, மனுவும் எழுதல, தாத்தா காலப் புடிச்சு உள்ள போயிட்டேன்னு.